பரணில் இருக்கும் ஸ்பூல்களை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சக்கரத்தில் சுற்றிய காந்த நாடாவில் ஒலியைப் பதியும் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். ஒலியளவுக்கேற்பப் பச்சையாய் விரிந்து சுருங்கும் மேஜிக் ஐ விளக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய அகாய், இரண்டு ஆள் பிடித்துத் தூக்கிய குருண்டிக் என்று மெஷின்களின் பெருமை எல்லாம் வந்துவிட்டது. மெஷினில் ஓடிய டேப்பைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. ஒரே ஒரு கடிதம், பரணில் உள்ள ஸ்பூல்களைத் தீபாவளிக்குள் "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு" வேண்டாததைக் காயலான் கடையில் போட்டுவிடப் போவதாகச் சொல்கிறது. தயவுசெய்து ஓட்டவும் வேண்டாம், போடவும் வேண்டாம். ஐம்பது, அறுபது வருடம் சும்மா கிடந்த டேப்புக்கு அந்த 'ஒரு தடவை'யே கடைசித் தடவையாக முடியலாம்.

மெஷின் இன்னொன்று கிடைக்கும். புது டேப்கூடப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்றும் செய்கிறார்கள். கல்யாணக் கச்சேரியில் மேடை ஓரம் மைக் வைத்துப் பிடித்ததும், வானொலியிலிருந்து இரவில் பதிந்ததும், தாத்தா ராமாயணம் படித்ததும் அந்த ஒரு ஸ்பூலில் மட்டுமே இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் முதல் சோதனை மூக்குக்கு. வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப். சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அசிட்டேட் சிதையும்போது வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரட்டும், பக்கத்துப் பெட்டிகளையும் தொற்றும். அந்த ஸ்பூலை உடனே தனியாகப் பிரித்து, காற்றோட்டமாக வையுங்கள். நெடி வெளியே வரக்கூடாதென்று பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது மகா தப்பு. கணினியில் பிரதி எடுக்கும் வரிசையில் அதுதான் முதலில் வர வேண்டும்.

நெடி இல்லாவிட்டால் ஸ்பூலைப் பக்கவாட்டில் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடாக வெளிச்சம் பழுப்பாகக் கசிந்தால் அசிட்டேட்; 1960களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் இது அதிகம். வெளிச்சம் தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர், சில ஜெர்மன் டேப்புகளில் பிவிசி. அசிட்டேட் இழுத்தால் பட்டென்று ஒடியும். ஒடிந்த முனைகள் நேராக இருப்பதால் ஒட்டிவிட்டால் சேதமே தெரியாது. பாலியெஸ்டர் ஒடியாது, மிட்டாய்த்தாள் மாதிரி நீளும்; நீண்ட இடத்தில் பாட்டும் நீண்டே போகும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பாலியெஸ்டர்தானே, உறுதி என்று அலட்சியமாக இழுப்பவர்களால்தான் அதிகச் சேதம்.

சென்னைக் காற்றின் ஈரத்துக்கு வெள்ளைப் பூஞ்சணம் சகஜம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது டேப் முழுக்க இழுகும். ஏசி அறையில் சில நாள் வைத்து, பூஞ்சணம் காய்ந்து தூளான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்ல ஓடும் டேப்பின் மேல் நூல் பிரியாத துணியை லேசாகப் பிடித்துத் துடைக்க வேண்டும். அந்த ஸ்பூல் ஓடிய மெஷினை முழுக்கத் துடைக்காமல் அடுத்த ஸ்பூலை மாட்டக் கூடாது.

இன்னொரு நோய், டேப் பிசுபிசுத்து, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, கீச்சென்று கத்தி நிற்பது. 1970களின் நடுவிலிருந்து வந்த, பின்புறம் கறுப்புப் பூச்சுள்ள டேப்புகளுக்கே இது பெரும்பாலும் வரும்; ஆம்பெக்ஸ் 406, 456, ஸ்காட்ச் 226, 227 போன்ற ரகங்கள் இதற்குப் பேர்போனவை. இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தைக் குடித்து இளகிவிடுகிறது. வைத்தியம் சூடு: 50 முதல் 55 டிகிரிக்குள், நிலையான வெப்பத்தில், 8 மணி நேரமோ அதற்கு மேலோ, நடுவில் திருப்பிப் போட்டு, பிறகு அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். பழம் உலர்த்தும் மின்பெட்டி போதும். வெப்பம் எகிறும் சமையல் அடுப்பும் மைக்ரோவேவும் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இது வடாம் அல்ல, ஸ்பூல் கோணிக்கொள்ளும். சூடுபடுத்திய டேப் சில வாரங்களுக்கே நன்றாக ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அசிட்டேட் டேப்பை ஒருபோதும் இப்படிச் சூடுபடுத்தக் கூடாது. வெளிச்சச் சோதனையைச் செய்யாமல் சூட்டுக்குப் போகாதீர்கள்.

இனி மெஷின். பல வருடம் ஓடாத மெஷினை நேராகப் பிளக்கில் செருகக் கூடாது. ரேடியோ மெக்கானிக்குகள் செய்வதுபோல 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் மேலே போகலாம். மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். வால்வு செட்டாக இருந்தால், இந்தச் சோதனையில் தேறினாலும் பழைய பேப்பர் கண்டென்சர்களை மாற்றிவிடுவது நல்லது. அவை கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, வால்வு தகதகவென்று சிவந்து, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

ரப்பர் பெல்ட் சில மெஷின்களில் தார் போல உருகியிருக்கும். ஆல்கஹாலால் கப்பியைச் சுத்தமாகத் துடைத்த பிறகே புதுசு மாட்ட வேண்டும். அளவு தெரியாவிட்டால் பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். ஹெட், டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, டேப் உரசும் கம்பிகள் எல்லாவற்றையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி தண்ணீர். டேப்பைக் கேப்ஸ்டன்மேல் அழுத்தும் ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர், ஆல்கஹால் அதை நாளாவட்டத்தில் கெட்டிப்படுத்தும். ஹெட்டில் ஏறிய காந்தத்தை இறக்கும்போது மெஷின் அணைந்திருக்க வேண்டும், ஸ்பூல்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும். காந்தநீக்கியை ஒரு கஜம் தள்ளி 'ஆன்' செய்து, மெல்லக் கொண்டுவந்து, மெல்லவே விலக்கி, பழைய தூரத்துக்குப் போன பிறகு 'ஆஃப்' செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்தபடியே அணைத்தால், இறக்க வந்த காந்தத்தை இன்னும் ஏற்றிவிட்டுப் போவீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. கேசட்டில் உடைத்துவிட ஒரு பிளாஸ்டிக் காது உண்டு, உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. ஸ்பூலுக்கு அந்தக் காவல் கிடையாது. சிவப்பு பட்டனில் விரல் பட்டால் அந்த நொடியே அழிப்பு ஹெட் வேலையைத் தொடங்கிவிடும். பிரதி எடுக்க மட்டும் பயன்படும் மெஷினில் அந்தப் பட்டனை இறங்காதபடி அடைத்துவையுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அழிப்பு ஹெட்டுக்குப் போகும் ஒயரைப் பிரித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

அடுத்தது தடம், அதாவது டேப்பின் நீளவாக்கில் ஒலி பதியும் பட்டை. கால் அங்குல டேப்பில் ஒரே தடமாகவும், பாதிப் பாதியாக இரண்டு தடமாகவும், நான்கு தடமாகவும் பதிந்திருக்கலாம். டேப் விலை அதிகம் என்பதால் வீடுகளில் நான்கு தடத்திலும் தனித்தனியாக மோனோவில் பதிந்து தீர்த்தார்கள். 7 அங்குல ஸ்பூலில் 1800 அடி லாங் பிளே டேப், விநாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில், ஒரு தடத்துக்கு 96 நிமிடம். நான்குக்கும் சேர்த்து 6 மணி 24 நிமிடம். பெட்டி மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் முதல் தடத்தின் கதை மட்டுமே. தடம் மாற்றும் குமிழைத் திருப்பாமல், ஒரு பக்கம் கேட்டுவிட்டு 'வேண்டாத டேப்' என்று முடிவு கட்டினால் மூன்று கச்சேரிகள் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஸ்டீரியோ மெஷினில் போட்டதும் இடது ஸ்பீக்கரில் பாட்டும், வலது ஸ்பீக்கரில் பின்னோக்கி ஓடும் ஏதோ ஒன்றும் கேட்டால் டேப் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அது இரண்டு தட மோனோ. வலதில் கேட்பது மறுபக்கம். இடதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்பூலைத் திருப்பிப் போட்டு மறுபடி இடதையே எடுங்கள். ஒலி எப்படியும் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் டேப் முறுக்கிக்கொண்டு முதுகுப்பக்கம் ஹெட்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

வேகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கர்நாடக சங்கீதப் பதிவுகள் பாழாவது இங்கேதான். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினால் ஸ்தாயியே மாறிவிடும், குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் போவது சின்னப் பிழைகள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷினுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும். சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கும்: சுருதியை ஹார்மோனியக் கட்டை எண்ணால் சொன்னால், 5 கட்டையில் பாடிய அம்மையார் 3 கட்டைக்கு வந்து ஆண் குரலில் பாடுவார். கேப்ஸ்டன் மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் கப்பி மாட்ட வேண்டும், அல்லது கணினியில் சரிசெய்ய வேண்டும்.

இதைவிட நுட்பமானது பதிந்த அன்றைய மின்சாரம். அந்நாளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், கரண்டின் ஹெர்ட்ஸும் இறங்கும். வீட்டு மெஷின்களின் மோட்டார் அதற்கேற்ப மெதுவாக ஓடியிருக்கும். மெதுவாக ஓடிய டேப்பை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு மேலே ஏறித் துரிதமாகக் கேட்கும். பதிவில் கலந்துள்ள மின்சார ரீங்காரமான ஹம்மை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் வேகம் சரியாகிவிடும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். பேட்டரியில் ஓடிய உஹெர், நாக்ரா போன்றவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். கரண்டில் ஓடிய மெஷினுக்குப் பொருந்தாது: ஹெர்ட்ஸ் இறங்கியபோது ஹம்மும் இறங்கியது, மோட்டாரும் அதே விகிதத்தில் இறங்கியது, ஆகவே டேப்பில் ஹம்மின் அலைநீளம் மாறவே இல்லை. இன்று ஓட்டினால் அது சமர்த்தாக 50 என்றே காட்டும், பாட்டு மட்டும் தப்பாக இருக்கும்.

நம்மிடம் அதைவிட நல்ல அளவுகோல் உண்டு. பாடகர் எந்தக் கட்டையில் பாடுவார் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். வயதாக ஆகச் சுருதி இறங்கியதும் தெரியும். அரைஸ்வரப் பிழை என்றால் வேகத்தில் 6 சதவீதம். கணக்குப் போடும்போது 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அதுவும் அரைஸ்வரமே என்பதை மறக்காதீர்கள். குரலைவிட நாகஸ்வரமும் புல்லாங்குழலும் நம்பகமானவை, வாத்தியத்தின் நீளம் மாறாது. தம்புரா சுருதியை முதல் உருப்படியிலும் மங்களத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்பூல் காலியாகக் காலியாக இழுவிசை கூடி உருளை வழுக்கியிருந்தால் கச்சேரி நெடுகச் சுருதி நகர்ந்திருக்கும். அப்போது முழு ஸ்பூலுக்கும் ஒரே திருத்தம் போடாமல், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் எல்லாம் நகலில்தான். டேப்பிலிருந்து எடுத்த முதல் கோப்பு எடுத்தபடியே இருக்கட்டும்.

பிரதி எடுக்கும் மெஷின் சீராக ஓடுகிறதா என்பதற்கும் தம்புராதான் உரைகல். மிருதங்கம் எந்த நடுக்கத்தையும் மறைத்துவிடும். தம்புராவும் வீணையின் நீண்ட மீட்டும் அலைந்தால் கேப்ஸ்டனையோ உருளையையோ பாருங்கள்.

வேகத்துக்கு அடுத்தபடி ஹெட்டின் சாய்வு. 9.5 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் 9.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. இரண்டு தட டேப்பில் ஒரு தடத்தின் அகலமோ சுமார் இரண்டு மில்லிமீட்டர். பதிந்த ஹெட்டுக்கும் ஓட்டும் ஹெட்டுக்கும் கால் டிகிரி வித்தியாசம் இருந்தாலே அந்த ஒலி ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். 'பழைய டேப், மந்தமாகத்தான் இருக்கும்' என்று சொல்லப்படும் பாதி டேப்புகளுக்கு இதுதான் நோய். ஹெட்டின் பக்கத் திருகை, காந்தம் ஏறாத பித்தளைத் திருப்புளியால், மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். தம்புராவின் ஜீவாரி ரீங்காரம், மிருதங்கத்தின் சாப்பு, 'ச'கரம், கைதட்டல் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். தொடங்கும் முன் திருகின் பழைய நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும், வேறு வேறு மெஷினில் பதிந்தவை ஆயிற்றே. மெஷினில் என்ஏபி, ஐஇசி என்று ஒலிச்சமன் (ஈக்வலைசேஷன்) முறையை மாற்றும் சுவிட்ச் இருந்தால் அமெரிக்க, ஜப்பானிய மெஷினில் பதிந்ததற்கு முதலாவதையும் ஐரோப்பிய மெஷினில் பதிந்ததற்கு இரண்டாவதையும் முதலில் முயன்று பாருங்கள்.

கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மோனோவுக்கு ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி, இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு இது பொருட்டே அல்ல. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின் கோர்வைக்கு இடம் விட வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முதல் கோப்பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டேப்பின் 'உஸ்' சத்தமும் தம்புராவின் மேல் ஸ்வரங்களும் ஒரே பகுதியில் இருப்பதால் அந்த மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. 'கிளீன் பண்ணித் தருகிறோம்' என்று எம்பி3-யில் சுருக்கிக் கொடுத்துவிட்டு, மூல டேப்பை வாடிக்கையாளர் கேட்டால்தான் திருப்பித் தரும் கடைகள் உண்டு. அங்கிருந்து வரும் கச்சேரியில் தம்புரா இருக்காது, தண்ணீருக்கடியில் யாரோ முணுமுணுப்பதுபோல ஒன்று இருக்கும்.

கட்டுரையில் 'அனலாக் இனிமை' என்று உருகியிருந்தார்கள். அளவு மிஞ்சிய ஒலியை டேப் வெட்டாமல் அமுக்கி வாங்கிக்கொள்ளும், உச்சக் கூர்மையை மழுக்கும். காதுக்கு அது இதமாக இருப்பது உண்மை. ஆனால் அந்த இனிமை 24 பிட் கோப்பிலும் அப்படியே வந்துவிடும், டேப்பில் இருப்பதெல்லாம் கோப்பில் இருக்கும் என்பதால். கேட்பதற்காக மூல டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு இனிமையைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

ஒடிந்த டேப்பைச் சாதாரண செலோ டேப்பால் ஒட்டியிராத ஸ்பூல் அபூர்வம். அதன் பசை ஓரங்களில் கசிந்து மேல்சுற்றையும் கீழ்ச்சுற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு, 45 டிகிரி சாய்வாக வெட்டி, இதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவால், முதுகுப்பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டு கடக்கும்போது 'டக்' என்று கேட்கும்.

ஓட்டி முடித்த டேப்பைப் பின்னால் சுற்றாதீர்கள், பாட்டு முடிந்த நிலையிலேயே வையுங்கள். வேகமாகச் சுற்றிய சுற்று தளர்வும் இறுக்கமுமாக இருக்கும். ஓட்டும் வேகத்தில் சேர்ந்தது படிந்து உட்கார்ந்திருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளின் காந்தம் ஒன்றிலொன்று பதிந்து, பாடகர் வாய் திறக்கும் முன்பே அவர் குரல் மங்கலாகக் கேட்குமே, அந்த முன்னெதிரொலியும் இப்படி வைத்தால் குறையும். எஞ்சியது ஸ்வரத்துக்குப் பின்னால் வந்து சங்கதியில் மறைந்துவிடும். ஸ்பூல்களைப் புத்தகம் போல நிற்க வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் பெட்டியைத் திறந்தால் டேப்பில் ஈரம் பூக்கும், ஒரு நாள் மூடியே விடுங்கள்.

வீட்டில் இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் உண்டு. குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இனஇசை ஆவணகம் 1982 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. சென்னையில் இத்தனை சபாக்கள் இருக்கின்றன. மார்கழியில் கேன்டீனுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, ரசிகர்கள் கொண்டுவரும் ஸ்பூலை முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்லியனுப்ப ஓர் ஆளை உட்காரவைத்தால் போதும், மெஷின்கூட வேண்டாம். பிரதி எடுத்ததை இணையத்தில் ஏற்ற ஆசைப்படுபவர்கள், கச்சேரி நிகழ்த்தியவரின் உரிமை 50 வருடம் என்பதை நினைவில் வைத்து, அவர் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தீபாவளிக்குள் பரணைக் காலிசெய்ய வேண்டிய அந்த வாசகருக்கு: ஸ்பூல்களை ஓட்டாமலே பெட்டிகளின் நான்கு பக்கத்தையும், உள்ளே செருகியிருக்கும் சீட்டுகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வினிகர் நெடி உள்ளவற்றைத் தனியே எடுங்கள். மீதியை வீட்டின் உட்புற அறை ஒன்றில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஸ்பீக்கரும் மோட்டாரும் இல்லாத அலமாரியில் நிற்க வையுங்கள். பரணுக்குத் திருப்பி ஏற்ற வேண்டாம். கூரைக்கு அடியில் கோடையில் அடைக்கும் சூடுதான் இதுவரை அவற்றைத் தின்றது.

இப்படிக்கு,
டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.